ஒட்டவைத்த தும்பி

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், கால்வாயோரப் புல்லில் ஒரு சிவப்புத் தும்பி தினமும் வந்து உட்காரும். அதன் கண்களைக் கிட்டத்தில் துல்லியமாகப் படமெடுக்க வாரக்கணக்கில் ஈரத்தில் மண்டியிட்டேன். மூச்சை அடக்கினாலும் காற்று புல்லை ஆட்டிவிடும். ரோல் ரோலாகப் பிலிம் கழுவியும், கொஞ்சம் மங்கலான ஒரே ஒரு படம்தான் தேறியது.

ஒரு நாள் கொசுவுக்குப் புகையடித்துவிட்டுப் போனார்கள். தும்பி புல்லடியில் செத்துக் கிடந்தது. ஆத்திரத்தில் அதை எடுத்து, ஒரு புல்லில் கோந்து தடவி ஒட்டி, வீட்டுக்குள் மேசைமேல் வைத்துப் படமெடுத்தேன். காற்று இல்லை, அவசரம் இல்லை. கண்ணின் ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது.

புகைப்படச் சங்கப் போட்டியில் வேண்டுமென்றே இரண்டு படங்களையும் வைத்தேன். நடுவராக வந்த ஸ்டூடியோக்காரர் செத்த தும்பியின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கித் தள்ளினார்.

"அண்ணே, அது செத்தது. ஒட்டவச்சு எடுத்தேன்," என்றேன்.

"அதனால என்ன லா. ஷார்ப்பா இருக்கே."

முதல் பரிசு கொடுத்தார்கள். உயிரோடு எடுத்த படத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் என்னை மடக்கினார்கள்.

"பாஸ், உங்க பக்கம் அடுத்த புகை எப்ப அடிப்பாங்க?"