டெய்லரக்காவின் கருவிப் பை

நாற்பத்தொரு வயதில் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் புறப்பட்டவளைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் இரண்டே பேர்தான். ஒருத்தி அவளே. இன்னொன்று எதிர்வீட்டுக் கைக்குழந்தை. அதற்கு விஷயம் இன்னும் தெரியாது. மற்றபடி ஊரே சிரித்தது. கட்டிய கணவரும் சிரித்தார் என்பதுதான் வேதனை.

"காலர் தைக்கிறவளுக்குக் கரண்டு எதுக்கு?" என்றார், வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே.

"பதினாறு வருஷமா ஊசியில நூல் கோத்த கை இது. குழாய்ல ஒயர் கோக்காதாங்க?"

அவர் மனசில் கெட்டது எதுவும் இல்லை. பயம். ஆனால் பயந்தவர்கள் பயம் என்று சொல்ல மாட்டார்களே, கிண்டல்தானே செய்வார்கள்! தையல் கம்பெனியை ஒரே நாளில் இழுத்து மூடியதும், கூட வேலை பார்த்தவர்கள் வேறு கம்பெனி தேடி ஓடினார்கள். இவள் மட்டும் பயிற்சி நிலையத்தில் போய் உட்கார்ந்தாள். பிள்ளை வயதுப் பையன்களோடு ஒரு வருஷம் படித்து, அத்தனை பேரையும் பின்னால் தள்ளி முதலாவதாகத் தேறினாள். இதற்குமேல் ஒரு மனுஷி என்னதான் செய்ய வேண்டும்?

கருவி வாங்கப் போனபோது கடைக்காரர் பளபளவென்று ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். "முப்பது சாமான் இருக்கும்மா. புதுசா வேலைக்குப் போறவங்க கண்ணை மூடிட்டு இதைத்தான் வாங்குவாங்க."

"கண்ணைத் திறந்துட்டு வாங்கறவங்களுக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்றாள்.

அப்புறம் ஒரு மணி நேரம் அந்த மனிதரைப் பாடாய்ப் படுத்தினாள். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வாயிடுக்கில் ஒளி கசிகிறதா என்று பார்த்தாள். கசிந்த மூன்றைத் தள்ளி வைத்தாள். ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, தட்டை ஒன்று, நட்சத்திர முனை ஒன்று; முனை மழுங்காமல், பிடி கைக்கு அடக்கமாக. ஒயரின் தோலை உரிக்க ஸ்ட்ரிப்பர். கத்தி. சின்ன சுத்தியல். ஹோல்டரில் பல்பு மாட்டி இரண்டு ஒயர் விட்ட டெஸ்ட் லாம்ப். கரண்ட் இருந்தால் உள்ளே சிவப்பாக எரியும் டெஸ்டரைக் கடையின் பிளக்கிலேயே செருகிப் பார்த்து, மங்கலாக எரிந்ததைத் திருப்பிக் கொடுத்து வேறொன்றை எடுத்துக்கொண்டாள்.

"நகை எடுக்கற மாதிரில்ல எடுக்கறீங்க!" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

"நகை போனா வேற வாங்கிக்கலாம்ணே. இதுல போறது வேற."

எட்டுக் கருவிக்கும் அன்றே தடித்த கித்தான் துணியில் இடுப்புப் பை தைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து ஒரு தனி அறை, இரட்டைத் தையல். ஒன்பதாவதாகப் பொத்தான் வைத்த சின்ன அறை ஒன்று. அது ஃபியூஸ் கட்டைக்கு. போர்டிலிருந்து அந்தப் பீங்கான் கட்டையைப் பிடுங்கினால் அந்த லைனில் கரண்ட் போய்விடும். பிடுங்கியதை அங்கேயே வைத்தால் வேறு யாராவது எடுத்துச் செருகித் தொலைப்பார்கள். வேலை முடிகிறவரை அது வேலை செய்கிறவரின் பையில்தான் இருக்க வேண்டும். தொழிலின் சட்டம் அது.

அவளைச் சேர்த்துக்கொண்ட மேஸ்திரிக்கு வயது இருபத்தெட்டு. "மூணு வாரம் ஹெல்பரா வாங்கக்கா. கை ஓடுதான்னு பார்க்கறேன். ஓடினா எலக்ட்ரீஷியன். இல்லேன்னா மனசுல வச்சுக்காதீங்க" என்றான். நியாயமான பேச்சு. அவளும் சரி என்றாள்.

ஆனால் மூன்று வாரமும் நடந்தது என்ன? சுவர் கொத்தினாள். ஏணி பிடித்தாள். குப்பை அள்ளினாள். உப்புக்குச் சப்பாணியாக நின்றாள். இடுப்பில் இருந்த கருவிகள் கடையிலிருந்து வந்த மேனிக்கே இருந்தன. "அந்தப் பொத்தான் பை எதுக்கு டெய்லரக்கா, பவுடர் டப்பாவுக்கா?" என்று வேலையாட்கள் ஓட்டினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கை ஓடுகிறதா என்று பார்க்கக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டாமா?

கொடுத்தான், கடைசி நாளில். இரண்டு பேர் லீவு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை. வேறு வழியில்லாமல் அவளைத் தனியாக ஓர் அச்சகத்துக்கு அனுப்பினான். மாடியில் புத்தகம் பைண்டு செய்கிற அறை. கருகிப்போன பழைய ஒயர்களைப் பிடுங்கிப் புதிது போட வேண்டும். "பெரிய பார்ட்டிக்கா. பார்த்து நடந்துக்குங்க" என்றான். அவள் சந்தோஷத்தில் ஆட்டோ பிடிக்கக்கூடத் தோன்றாமல், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்விட்டாள்.

அச்சகத்தின் முதலாளி ஏணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆளு பின்னாடி வர்றாரா?"

"ஆளு வந்தாச்சு சார்."

கீழே போர்டில் மாடி லைனின் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். பக்கத்து லைனில் டெஸ்டரை வைத்து அது எரிவதை உறுதிசெய்துகொண்டாள். மேலே போய் மாடி ஒயரில் வைத்தாள். எரியவில்லை. அப்புறம்தான் பிளேயரை எடுத்தாள். மதியத்துக்குள் பாதி அறை முடிந்தது. முடிச்சுகள் காலர் முனை போலக் கச்சிதமாக உட்கார்ந்தன. அவளே இரண்டு தடவை நின்று ரசித்தாள். மிச்சப் பாதியில் ஒயர் முனைகளை உரித்துச் செம்பு தெரிய விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்து ஏணியில் ஏறினாள். பொத்தான் பையைத் தொட்டுப் பார்த்தாள். கட்டை பத்திரமாக இருந்தது. கையை நீட்ட வேண்டியதுதான். ஆனால் தையல் மிஷினில் பழகிய பழக்கம் ஒன்று அவளுக்கு உண்டு. சாப்பாட்டு வேளை முடிந்து உட்கார்ந்தால், நல்ல துணியைத் தொடுமுன் கழிவுத் துணியில் நாலு தையல் ஓட்டிப் பார்ப்பாள். இடையில் யார் மிஷினில் கை வைத்தார்களோ, யாருக்குத் தெரியும்? அதே பழக்கத்தில் டெஸ்டரை எடுத்துச் செம்பில் வைத்தாள்.

டெஸ்டர் எரிந்தது.

நீட்ட இருந்த கையை இழுத்துக்கொண்டாள். கட்டை பையில் இருக்கிறது; கரண்ட் ஒயரில் இருக்கிறது. மெல்ல இறங்கிக் கீழே வந்தாள். போர்டில் மாடி லைனின் இடத்தில் வேறொரு கட்டை உட்கார்ந்திருந்தது. கீழே மூலையில், புத்தகத்துக்குக் கம்பிப் பின் அடிக்கிற மிஷினும் அதே லைன். அது ஓட வேண்டும் என்று முதலாளி, சும்மா கிடந்த குடோன் லைனின் கட்டையைப் பிடுங்கி இங்கே செருகிவிட்டார். மிஷின் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அந்தக் கட்டையைப் பிடுங்கினாள். மிஷின் நின்றது.

"ஏய், யாரைக் கேட்டு நிறுத்தின?"

"நீங்க யாரைக் கேட்டுப் போட்டீங்க? அறிவிருக்கா சார்? மேல ஒயரெல்லாம் திறந்து கிடக்கு. தொட்டிருந்தா இந்நேரம் என்னைத் துணியில சுத்தித்தான் தூக்கியிருப்பீங்க!"

பெரிய பார்ட்டி. பார்த்து நடந்துக்குங்க. எல்லாம் பேசி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. முதலாளி முகம் சிவந்து மேஸ்திரிக்குப் போன் போட்டார். பேசிவிட்டு, "அவர் வர்றதுக்குள்ள மன்னிப்புக் கேட்டா விட்டுடறேன்" என்றார்.

ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் வேலை நிலைக்கும். வீட்டில் கணவரின் அந்தச் சிரிப்பையும் பார்க்க வேண்டியதில்லை. வாய் வரை வந்தது. ஆனால் நாளைக்கு இதே ஏணியில் வேறொருவர் நிற்பாரே?

"கேக்கறதா இருந்தா நீங்கதான் சார் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வேலை போனது போனதுதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரை மணியில் மேஸ்திரி வந்தான். முதலாளி சொன்னதை முழுக்கக் கேட்டான். போர்டைப் பார்த்தான். மேலே போய்த் திறந்து கிடந்த ஒயர்களைப் பார்த்தான். இறங்கி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"கட்டை உங்க பையிலதானேக்கா இருந்துச்சு? அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"சாப்பிட்டு வந்ததும் மறுபடி டெஸ்டர் வச்சேன்."

அவன் அவள் இடுப்பில் இருந்த பொத்தான் பையைப் பார்த்தான். "நான் வச்சிருக்க மாட்டேன்க்கா" என்றான்.

பிறகு முதலாளியிடம் திரும்பினான். "சார், வேலை முடியறவரைக்கும் உங்க போர்டுல யாரும் கை வைக்கக் கூடாது. இல்லேன்னா நாங்க ஏணியைத் தூக்கிட்டுக் கிளம்பறோம். வேற ஆளைப் பார்த்துக்குங்க." பெரிய பார்ட்டியிடம் அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. முதலாளி ஒரு நாற்காலியை இழுத்து போர்டுக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வரை அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை. காவல் காத்தார் என்றே சொல்லலாம்.

ஐந்தரை மணிக்கு அவள் கட்டையைச் செருகினாள். மாடியில் ஆறு விளக்கும் ஒன்றாக எரிந்தன. மேஸ்திரி ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தான். குறை சொல்ல இடமில்லை. வேலை முடிந்த தாளை எடுத்து, பேனாவையும் சேர்த்து அவளிடம் நீட்டினான். அடியில் 'பணி செய்த எலக்ட்ரீஷியன்' என்று அச்சடித்து ஒரு கோடு.

"போடுங்கக்கா."

"நானா? இதுல ஹெல்பர் கையெழுத்துப் போடக் கூடாதுல்ல, மேஸ்திரி?"

"ஹெல்பர் போடக் கூடாது. அதனாலதான் உங்களைப் போடச் சொல்றேன்."

அவள் தன் முழுப்பெயரையும் எழுதினாள். எழுத்து கோட்டுக்குள் அடங்காமல் தாளின் ஓரம் வரைக்கும் போயிற்று.