பச்சை வால் விமானமும் மூன்று நாளைகளும்

காலை ஏழு பத்துக்கு விழுப்புரத்தில் புதுச்சேரிப் பேருந்து கிளம்பியது. நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். கோட்டக்குப்பத்தில் ஜாபர் பாயைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். எட்டு வருடங்களுக்கு முன்பு அவரிடம் மூன்று நாள் தொடர்ந்து பொய் சொன்னவன் நான்.

அப்போது வளைகுடாவில் ஒரு சிறிய விமான நிறுவனத்தின் கவுண்டரில் வேலை செய்தேன். ஹஜ் பயணிகளையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் மொத்த வாடகைக்கு ஏற்றிச் சென்றுதான் அந்த நிறுவனம் தொடங்கியது. பிறகு வாரம் மூன்று நாள் நேரம் குறித்துச் சென்னைக்குப் பறந்தது. மொத்தம் நான்கே விமானங்கள். வால் பச்சை நிறம் என்பதால் நம் ஊர்க்காரர்கள் 'பச்ச வாலு' என்றே டிக்கெட் கேட்பார்கள். எலுமிச்சைச் சோறு இரண்டாவது முறை கேட்டாலும் கிடைக்கும். முதல்முறை பறக்கிறவருக்குப் பணிப்பெண்கள் மண்டியிட்டு பெல்ட் மாட்டிவிடுவார்கள். அந்த வேலையை நான் நேசித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மேலாளர் எங்களைக் கூப்பிட்டார். குத்தகைக்கு விட்டவர்கள் விமானங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். நிறுவனம் முடிந்தது. "வெளியே சொல்லாதீங்க. கேட்டா நாளைக்குப் போகும்னு சொல்லுங்க" என்றார். வரிசையில் நூற்று நாற்பது பேர் நின்றார்கள். முதல் ஆள் ஜாபர் பாய். ஞாயிற்றுக்கிழமை மகள் சபீனாவுக்கு நிக்காஹ் என்றார். நாளைக்குப் போகும் என்றேன். சனியும் சொன்னேன், ஞாயிறும் சொன்னேன். திங்கட்கிழமை நான் கவுண்டருக்கே போகவில்லை.

இப்போது விழுப்புரத்தில் ஒரு டிராவல்ஸ் கடையில் இருக்கிறேன். போன மாதம் டிக்கெட் எடுக்க வந்த கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் பச்ச வாலைப் பற்றிப் பேச்செடுத்து, தன் பக்கத்து வீட்டுக்காரர் பட்ட பாட்டைச் சொன்னார். கேட்டதும் அது ஜாபர் பாய்தான் என்று தெரிந்துவிட்டது.

எட்டே முக்காலுக்குப் புதுச்சேரி. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஜாபர் பாய் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"கவுண்டர் சார்தானே?"

"ஆமா பாய். மன்னிப்புக் கேக்க வந்தேன். விமானம் வராதுன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். "என் கல்யாணத்துக்கு நானே அந்த பிளேன்லதான் வந்தேன் சார். சபீனா பொறந்தப்பவும் அதான். அது மேல எனக்குக் கோவமில்ல. உங்க மேல இருந்துச்சு. ஆனா காத்துக்கினு கெடந்தது எம் பொண்ணு. அவகிட்டயே சொல்லுங்க. திண்டிவனத்துலதான் இருக்கா. ஏறுங்க."

கிளியனூர் வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பத்தரைக்குத் திண்டிவனம். சபீனா பள்ளி ஆசிரியை. ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அத்தா தெனம் போன் பண்ணி நாளைக்கு வந்துடறேன்னுவாரு. அத்தாவுக்குப் பதிலா பெரியத்தா இருக்காரே, நிக்காஹ முடிச்சிடலாம்னாங்க மாப்ள ஊட்ல. எங்கத்தா வராம நான் சம்மதம் சொல்ல மாட்டேன்னுட்டேன். ஞாயித்துக்கெழம ஆக்குன பிரியாணி தெருவுக்கே போச்சு. செவ்வாக்கெழம சாயங்காலம் பாம்பே வழியா வந்து சேந்தாரு. இருவது பேர வெச்சு நிக்காஹ் ஆச்சு. மாமியார் ஊட்ல அந்தப் பேஜாரு இன்னும் ஓயல."

"வர மாட்டார்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா?"

"வேற பிளேன்ல திங்கக்கெழம வரைக்கும் எடமே இல்லியாம், நாளைக்கு வருவாருன்னுதான் நானும் புடிவாதமா இருந்தேன். இல்லன்னா அவரு இல்லாமலேதான் முடிஞ்சிருக்கும்."

எனக்கு உடம்பே லேசானது. தேநீரை எடுத்தேன். சபீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு நல்லபடியா முடிஞ்சிடுச்சு சார். வரிசைல மத்தவங்களும் நின்னாங்களே. அவங்க ஊட்ல என்னா ஆச்சு?"

தேநீரைக் கீழே வைத்தேன். எட்டு வருடமும் ஒரே முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜாபர் பாய்தான் பேசினார். "எம் பின்னாடி திருவக்கரை ஆளு ஒருத்தரு நின்னாரு. அவங்கம்மா ஆஸ்பத்திரில இருக்காங்கன்னு சொல்லிக்கினே இருந்தாரு. நான் வேற டிக்கெட் எடுத்துக் கெளம்பசொல்லோ அவரு அங்கயே உக்காந்துக்கினு இருந்தாரு. பேரு ஏழுமலை."

மதியச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள். பேருந்து நிலையம் வரை ஜாபர் பாய் வந்தார். விழுப்புரம் வண்டி தயாராக நின்றது. நான் ஏறவில்லை.

"திருவக்கரைக்கு எந்த பஸ் பாய்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரம் ஆவும். பைக்குலயே போயிடலாம் சார்."