மேல் ஓரத்தில் வெட்டு விழுந்த இரண்டு கார்டுகள்

மலாக்காவில், காஜா பேராங்கில் நான் அறையெடுத்துத் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு வாழைக்கொல்லை இருந்தது. அதில் பொந்தியானாக் என்கிற பெண்பேய் குடியிருக்கிறது, பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று வீட்டுக்காரம்மா சொன்னதற்கு, நான் அடுத்த நாளே இரண்டு வாழைக்கு நடுவில் கயிறு கட்டித் துணி காயப்போட்டேன். அப்படிப்பட்ட ஆள் நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தவள். இதைப் படித்துவிட்டு, 'வயசான காலத்தில் சரோஜாவுக்குப் பொழுது போகவில்லை, கதை விடுகிறாள்' என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் இருட்டில் இல்லை, பட்டப்பகலில்.

மலாயா சுதந்திரம் வாங்கி இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வேலையிடம். கோலாலம்பூரில் கார்டைப் படிக்கிற பெரிய மெஷின் ஒன்று இருந்தது, அதற்குத் தீனி போடுவது எங்கள் வேலை. தாளில் இருக்கிற எண்களைப் பார்த்து நான் விசையைத் தட்டினால் கார்டில் ஓட்டை விழும், அந்த ஓட்டையைத்தான் கோலாலம்பூர் மெஷின் படிக்கும். இப்போது புரோகிராம் எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்காதீர்கள், எங்களிடமும் தொழில் இருந்தது. தாளில் வரி மாறாமல் இருக்க அடியில் அடிமட்டத்தை வைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கடல்காற்றில் கார்டு உப்பிவிடும், மெஷினில் வைக்கும் முன் விசிறி மாதிரி விரித்துத் தட்ட வேண்டும். கட்டு முடிந்ததும் மேல்பக்கத்தில் குறுக்கே ஒரு பென்சில் கோடு இழுத்துவிட வேண்டும், கீழே விழுந்து சிதறினாலும் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, தான் துளைத்த கார்டைத் தானே சரிபார்க்கக் கூடாது.

அதற்குத்தான் உள்ளறையில் இரண்டாவது மெஷின். அதன் முன்னால் லெட்சுமி அக்கா உட்காருவாள். நான் துளைத்த கார்டை அதில் வைத்து, அதே தாளைப் பார்த்து அவள் மறுபடி தட்டுவாள். இரண்டும் ஒத்துப்போனால் மெஷின் கார்டின் வலது ஓரத்தில் நகத்தால் கிள்ளின மாதிரி ஒரு வெட்டுப் போடும். ஒத்துப்போகாவிட்டால் பூட்டிக்கொள்ளும். மூன்று முறை தட்டிப் பார்க்கலாம், மூன்றாவதும் ஒத்துவராவிட்டால் தப்பான எண்ணுக்கு நேர் மேலே, கார்டின் மேல் ஓரத்தில் வெட்டு விழும். அது என் தப்பு என்று அர்த்தம்.

அக்கா கம்போங் செட்டிக்காரி, பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன தமிழர்களின் குடியிருப்பு அது. பெயர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். 'அக்கா'வும் 'பூசை'யும்தான் எங்களுக்குள் இருந்த தமிழ், மற்றதெல்லாம் மலாயில்தான் பேசிக்கொள்வோம். தப்பான கார்டை என் மேசையில் வைக்கும்போது ஒவ்வொரு முறையும் அவள் சொல்வது, "செண்டிரி புன்யா சாலா, செண்டிரி மாத்தா தக் நம்பாக்." தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று நம்மவர்கள் சொல்வதுதான்.

என் முதுகைப் பார்க்க வேறு யாரும் அந்த ஊரில் இல்லை. அப்பா, அம்மா, தம்பி மூவரும் கப்பலேறி நாகப்பட்டினம் போய்விட்டார்கள். வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன் என்று சொல்லி நான் நின்றுகொண்டேன். நிற்கும்போது பெரிய வீராங்கனை மாதிரி இருந்தது. அக்கா வீட்டுக்கு வா வா என்பாள், குடும்பம் இருக்கிற வீட்டில் போய் ஒட்டிக்கொண்டு நிற்க எனக்கு ரோஷம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை பேசாமல் போகும், திங்கட்கிழமை காலையில் வாயைத் திறந்தால் தொண்டை கரகரவென்று இருமல் வரும். பேசாத தொண்டை இப்படித்தான் இருக்கும்போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எவ்வளவு தனியாக இருந்தால் ஒருத்திக்கு அப்படித் தோன்றும், பாருங்கள்.

அந்த வருடம் மார்பு எக்ஸ்ரே எடுக்கிற வண்டி ஒன்று மலாக்காவில் தெருத்தெருவாக வந்தது. எல்லோரும் வரிசையில் நின்றோம், நானும் நின்றேன். ஆளுக்கு ஒரு எண் எழுதின சீட்டுக் கொடுத்தார்கள், நான் அதை எங்கேயோ போட்டுத் தொலைத்தேன். அந்த முடிவுகள்தான் துளைக்கச் சொல்லி எங்களிடம் வந்தன. தாளில் பெயர் கிடையாது. நாலு இலக்க எண், வயது, முடிவு. முடிவில் ஒன்று என்றால் நெஞ்சு சுத்தம். மூன்று என்றால் நிழல் தெரிகிறது, டி.பி.யாக இருக்கலாம். மூன்று போட்டவர்களுக்கு மட்டும் கோலாலம்பூரிலிருந்து கடிதம் வரும். அந்த ஒரு ஓட்டை மாறி விழுந்தால் ஒரு ஆள் இருமிக்கொண்டே வீட்டில் உட்கார்ந்திருப்பார், யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கடைசிக் கட்டு, முந்நூறு கார்டு, திங்கட்கிழமை காலை வண்டியில் போக வேண்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து அக்காவுக்குக் கடும் காய்ச்சல். எங்கள் சீன முதலாளி தவ்கே என்னிடம் சாவியைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை வந்து நீயே துளைத்து நீயே சரிபார்த்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிறு மதியத்துக்குள் துளைத்து முடித்தேன். கோடு இழுத்து, கட்டைக் கொண்டுபோய் அக்காவின் மெஷினில் வைத்து, பக்கத்தில் தாளையும் வைத்தேன். சுவிட்சைப் போடவில்லை. பசி, தலைச்சுற்றல், சாப்பிட்டு வந்து பார்க்கலாம் என்று கதவை வெளியே பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினேன். எதிரே முத்து அண்ணன் சாப்பாட்டுக் கடை. எங்கள் மாடிப்படி வாசலுக்கு நேர் எதிரில்.

"என்னா சரோஜா, ஞாயித்துக்கெழமையும் வேலையா? ஒக்காரு லா, மழ வருது," என்றார். அன்றைக்கு என்னோடு பேசின முதல் குரல் அது. மழை கொட்டு கொட்டென்று கொட்டி இரண்டு மணி நேரம் விடவில்லை.

மழை தூறலானதும் தெருவைத் தாண்டிப் படியேறினேன். பாதிப் படியில் சத்தம் கேட்டது. மேலே மெஷின் ஓடுகிறது. நான் பயப்படவில்லை, நம்பினால் நம்புங்கள், எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அக்கா வந்துவிட்டாள்! அவள் தட்டுவது எனக்குத் தெரியும், நாலு விசை சடசடவென்று, ஒரு நொடி நிறுத்தம், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. காய்ச்சலோடு வந்திருக்கிறாளே என்று ஓடிப்போய்த் திட்டத் தோன்றியது, ஆனால் போகவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்காக ஒருத்தி உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் தாளம் மாறியது. ஒரே விசை. நிறுத்தம். அதே விசை. நிறுத்தம். மறுபடி அதே விசை, பிறகு 'கடக்' என்று வெட்டு விழும் சத்தம். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. மறுபடியும் அதேபோல மூன்று தட்டு, கடக். அதற்குப் பிறகு கொஞ்சம் ஓடி, நின்றுவிட்டது.

"அக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஏறினேன். கதவில் என் பூட்டு தொங்கியது. நான் பூட்டினபடியே. இன்னொரு சாவி தவ்கேயிடம், அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

கீழே ஓடிப்போய் முத்து அண்ணனிடம் யாராவது மேலே போனார்களா என்று கேட்டேன். "ஒன்னத் தவிர ஒரு ஈ காக்கா ஏறலியே. என்னா மொகம் இப்பிடி வெளுத்துப்போச்சி?" என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு மேலே போயிருக்கலாம். போகவில்லை, பேயை நம்பாதவள் என்று ஊருக்கெல்லாம் பீற்றிக்கொண்டவள் அல்லவா.

பூட்டைத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. மெஷின் சூடாக இருந்தது, சுவிட்ச் போட்டிருந்தது. கார்டுகள் எல்லாம் அந்தப் பக்கம் போய் வரிசையாக நின்றன, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் வெட்டு. மேலே என் பென்சில் கோடு ஓடியது, இரண்டே இரண்டு இடத்தில் மட்டும் மேல் ஓரத்தில் வெட்டு விழுந்திருந்தது. முதல் கார்டை எடுத்துத் தாளோடு வைத்துப் பார்த்தேன். தாளில் முடிவு மூன்று. நான் துளைத்திருந்தது ஒன்று.

இரண்டாவது கார்டிலும் முடிவுக்கு மேலேதான் வெட்டு. தாளில் ஒன்று, கார்டிலும் ஒன்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வேறொரு கார்டின் மேல் வைத்துப் பார்த்தேன், எந்தத் தப்பும் இல்லை. அந்த அறையில் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. முதல் கார்டை மூன்று போட்டுப் புதிதாகத் துளைத்தேன். இரண்டாவதை அதே ஒன்றைப் போட்டுத் துளைத்தேன். இரண்டையும் நானே தட்டி வலது வெட்டு வாங்கி, கட்டைக் கட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

நேராகக் கம்போங் செட்டிக்குப் போனேன். ரோஷம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அக்கா பாயில் கண்ணை மூடிக் கிடந்தாள். அவள் புருஷன் ராஜா அண்ணன் பஸ் கண்டக்டர், எங்கள் மெஷினை ஒரு நாளும் பார்த்ததில்லை. மெதுவான குரலில் சொன்னார், "தாஙான் டியா தக் டியாம்." கை சும்மா இருக்கவில்லையாம். மழை பிடித்ததிலிருந்து போர்வை மேல் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தனவாம், பிடித்தால் உதறினாளாம். நடுவில் இரண்டு தடவை ஒரே விரலை மூன்று முறை அழுத்தினாள், அப்போதெல்லாம் அழுதாள் என்றார். இப்போதுதான் நின்றதாம். அவள் காலடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து என் பெயருக்குக் கடிதம் வந்தது, மறுபடி எக்ஸ்ரேவுக்கு வரச் சொல்லி. மூலையில் எண் இருந்தது. நான் ஒன்று என்று துளைத்த அந்த முதல் கார்டின் எண். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தேன், ஊசியும் மாத்திரையுமாக. அக்காவுக்கு வந்தது வெறும் காய்ச்சல், தேறிவிட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் தூக்குச்சட்டியில் மீன்குழம்பும் சோறும் கொண்டுவந்து, நான் தின்று முடிக்கிற வரை எழுந்திருக்க மாட்டாள். ஒரு நாள் அவளிடம் சொன்னேன். பூட்டு, சத்தம், என் கார்டு, மூன்று தட்டு, எல்லாம் சொன்னேன். இரண்டாவது கார்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"போடி பைத்தியம், காய்ச்சல்ல எனக்கு என் பேரே தெரியல," என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள், திரும்பி, ஏதோ அடுப்பை அணைத்தாயா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"டுவா-டுவா சூடா பெத்துல்கான்?"

இரண்டையும் திருத்திவிட்டாயா?

"ஆமா அக்கா," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் நெடுங்காலம் இருந்தாள், ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

வார்டிலிருந்து வெளியே வந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. எக்ஸ்ரே தாள்களை வைத்திருந்த குமாஸ்தாவிடம் போய், இரண்டாவது கார்டின் எண்ணைச் சொல்லி, இது யாருடையது, ஒருவேளை தாளிலேயே தப்பாக எழுதியிருக்கலாம், படத்தை மறுபடி பாருங்கள் என்று கெஞ்சினேன். "எதை வச்சி தப்புன்னு சொல்றே?" என்று கேட்டார். பாயில் காய்ச்சலோடு கிடந்தவள் சொன்னாள் என்றா சொல்வது? திரும்பி வந்துவிட்டேன்.

அந்த நான்கு இலக்கம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம், என் வீட்டு எண் மறந்தாலும் அது மறக்காது. இங்கே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வேண்டாம். அந்த வருடத்து எக்ஸ்ரே சீட்டை இன்னும் பெட்டியில் போட்டு வைத்திருக்கிற குடும்பங்கள் மலாக்காவில் இருக்கும். அதில் ஒரு வீட்டுக்கு வர வேண்டிய கடிதம் வரவே இல்லை.