குதிரைக்காக எனக்கு வந்த அம்மை

எனக்கு அம்மை வந்ததே இல்லை. ஆனாலும் தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டு வாசலில் எனக்காக ஒருமுறை வேப்பிலை செருகினார்கள். கோயமுத்தூரில் மில்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த முப்பதுகளில் நடந்தது இது. எனக்கு ஏழு வயது.

அப்பாவிடம் ஒரு வெள்ளைப் பொலிகுதிரை இருந்தது. சுற்றுவட்டாரத்துப் பெட்டைக்குதிரைகளெல்லாம் சினைக்கு அதனிடம்தான் வரும். அப்பா வாயில் ‘இல்லை’ என்ற சொல் வராது. யார் கேட்டாலும் “அதுக்கென்னங்க, புடிச்சாந்துருங்க” என்பார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பொழுது சாய்வதற்குள் இன்னொன்று. அந்த வருஷம் ஒரு பெட்டைகூடச் சினை பிடிக்கவில்லை. தன் பெட்டையை இரண்டு முறை ஓட்டி வந்து ஏமாந்த பேரூர்ப் பண்ணைக்காரர், “மலட்டுக் குதிரைக்குக் கொள்ளு எதுக்குங்க?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. குதிரையைக் காயடித்து உக்கடத்து ஜட்கா வண்டிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தார். நான் லாயத்தில் போய் அழுதேன்.

அம்மா அழவில்லை. அவள் பிறந்த வீட்டில் பொலிகாளை வைத்திருந்தார்கள்.

“ஏனுங்க, எங்கூட்டுல காளைய ஒருநா உட்டு ஒருநாத்தான் சேத்துவாங்க. கெணத்தை ஊற உடாம எறைச்சா சேறுதான வரும்? குதிரை மேல குத்தமில்லீங்க.”

“அதுக்காக ஊடு தேடி வர்றவங்கள வேண்டாம்னு எப்படிச் சொல்றது அம்மணி?”

மறுநாள் காலை அம்மா என் முதுகிலிருந்த வேர்க்குருவைப் பார்த்துத் திடுக்கிட்டாள். அவ்வளவு அழகாக யாரும் திடுக்கிட்டு நான் பார்த்ததில்லை. “மாரியாத்தா வந்துட்டா!” என்று வாசலில் வேப்பங்கொத்தைச் செருகிவிட்டாள். அம்மை போட்ட வீட்டை வெளியாட்கள் மிதிக்கமாட்டார்கள். பெட்டையோடு வந்தவர்கள் வேலியோரமே கும்பிட்டுத் திரும்பினார்கள். காயடிக்க வர இருந்தவரும் வரவில்லை. நான் இளநீர் குடித்துக்கொண்டு மகாராணி மாதிரி படுத்திருந்தேன். குதிரையும் பத்து நாள் தின்றுவிட்டுச் சும்மா நின்றது.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள், அம்மா காயடிப்பதை ஒரு மாசம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, ஆளனுப்பிக் கெஞ்சிக் கேட்டுப் பேரூர்ப் பெட்டையை வரவழைத்தாள். மூன்று வாரம் கழித்தும் அது மறுபடி பருவத்துக்கு வரவில்லை. சினை நின்றுவிட்டது! அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் ஒருநாள் அஷ்டமி, ஒருநாள் அமாவாசை, ஒருநாள் மாமாவுக்குக் காய்ச்சல் என்று ஏதாவது ஒரு சாக்கை அம்மா தயாராக வைத்திருந்தாள். பெட்டைகள் ஒவ்வொன்றாகச் சினை நின்றன.

அடுத்த வருஷம் பண்ணைக்காரர் வெள்ளைக் குட்டியோடு வாசலில் வந்து நின்றார். “நாந்தான் தோத்துப்போட்டனுங்க” என்று அப்பாவைக் கட்டிக்கொண்டார். ஊரே கூடிவிட்டது. எனக்கு அம்மை வந்ததால்தான் குட்டி பிறந்தது என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அவர் கையோடு இன்னொரு பெட்டையையும் கொண்டு வந்திருந்தார். அன்று காலையில்தான் ஒன்று வந்துபோயிருந்தது. அப்பா அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“இன்னைக்கு ஆவாதுங்க. நாளானைக்குப் புடிச்சாந்துருங்க.”

அவரும் சரியென்று சிரித்தபடியே போனார். அடுப்படியில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குட்டி பிறந்த சேதி வந்தபோதுகூட அழாதவள் இதற்குப் போய் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.