நாசில் கணக்கில் சேர்க்காமல் விட்டது

சின்னசேலத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் எஸ்தரின் வீடு. தெருவில் கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஏதோ வேல" என்பார்கள். அந்த ஏதோ இதுதான்: தொழிற்சாலைக்குப் போகிற பிரஷர் வெசல் என்ற பெரிய இரும்பு உருளையில் ஓட்டை போட்டு, நாசில் என்ற குட்டைக் குழாயைப் பற்றவைப்பார்கள். அந்தச் சேருமிடம்தான் முதலில் விரிசல் விடும். அங்கே உருளையின் தகடு தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவள் எஸ்தர்.

அம்மா ஆனந்தமேரியைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து வந்தவள். அம்மா போன பிறகும் திரும்பவில்லை; கம்பெனியும் வீட்டிலிருந்தே செய்யச் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் யாராவது "நல்லாக்கிறியா?" என்பார்கள். "நல்லாக்கிறேன்" என்பாள். வாரத்துப் பேச்சு அதோடு சரி.

முன்பெல்லாம் ராதிகா போன் செய்வாள். சென்னை ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி, எஸ்தரின் கணக்கைச் சரிபார்ப்பவள். ஒவ்வொரு நாசிலுக்கும் ஒரு சண்டை. சண்டை முடிந்தால் மாமியார் கதை, அதுவும் தீர்ந்தால் குழம்புக் கதை. எஸ்தருக்குக் கை தேறத் தேறத் தப்பு குறைந்தது, போனும் குறைந்தது. இப்போது மெயிலில் 'ஓகே' மட்டும் வரும். கெட்டிக்காரிக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்!

பொறுக்கமுடியாமல் எஸ்தர் ஒரு காரியம் செய்தாள். வெசலுக்குள் இருக்கிற அழுத்தம் நாசிலை வெளியே தள்ளும். அந்த விசையை வேண்டுமென்றே கணக்கில் சேர்க்காமல் விட்டாள். புதுசாகச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு. பார்த்தால் ராதிகா திட்டாமல் விடமாட்டாள். எஸ்தர் போனைச் சார்ஜ் போட்டுவிட்டு, காபியோடு உட்கார்ந்தாள்.

மெயில்தான் வந்தது. 'ஓகே. தகடு வெட்டச் சொல்லியாச்சு.'

எஸ்தர் காபியைக் கீழே வைத்தாள். அந்த விசையைச் சேர்த்தால் அந்தத் தகடு தாங்காது. நாசிலைச் சுற்றி இன்னொரு தகடு வைத்தே ஆகவேண்டும். வெசலுக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்று வேலை செய்வார்கள். தன் ஏக்கத்துக்காக அவர்கள் உயிரோடு விளையாடுவதா? அவளே போன் செய்தாள்.

"ராதிகா, உள்ள இருக்கிற பிரஷர் நாசில வெளிய தள்ளுமே, அத நான் சேக்கவே இல்ல. வெட்டறத நிறுத்தச் சொல்லு."

"இன்னாக்கா சொல்றீங்க? நீங்களா வுட்டீங்க?" ராதிகாவின் குரல் இறங்கியது. "உங்க கணக்குன்னா நான் தொறந்தே பாக்கறதில்லக்கா. எத்தினியோ வருசமா."

இத்தனை வருடம் எஸ்தர் ராத்திரி பகலாகப் போட்ட கணக்கு, ஒருத்தர் கண்ணிலும் படாமலே போயிருக்கிறது. "தப்பு என்னுதுதான்" என்று மட்டும் சொன்னாள். வேண்டுமென்றே செய்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

வெட்டுவதை நிறுத்திவிட்டு ராதிகா திரும்பக் கூப்பிட்டாள். நல்ல கோபம். "இனிமே உங்களுத நம்பவே மாட்டேன். வரி வரியா பாப்பேன். நாளைக்குக் காலைல கூப்புடுவேன், ஃபைல தொறந்து வச்சிக்கினு இருங்க."

"சரி, இருக்கறேன்" என்றாள் எஸ்தர். கட்டிக் காத்த நல்ல பேர் ஒரே நாளில் போயே போச்சு. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனை வைத்ததும், வெகுநாளைக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.