கிழக்கே நாலு மணி நேரம்

ஐரோப்பா போய் வந்தவள் என்று தெரிந்தால் எல்லாரும் முதலில் கேட்பது, "ஸ்விட்சர்லாந்து பாத்தீங்களா?" என்றுதான். பார்க்கவில்லை. ரோமும் பார்க்கவில்லை. ஐந்து நாட்டு ரயில்களில் ஏறலாம் என்று அச்சடித்த பாஸ் என் கைப்பையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரே தண்டவாளத்தில் இரண்டு தரம் போனேன், இரண்டு தரம் வந்தேன். எங்கள் கல்லூரியில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. அந்தத் தண்டவாளத்தின் மறுமுனையில் என் தம்பி இருந்தான் என்பதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி வீட்டை விட்டுப் போய் அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவன் கிளம்பியது மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்காமல் குறுவை நெல் கெட்டுப்போன வருஷம். சிங்கப்பூர் என்று சொல்லிக் கூட்டிப்போன ஏஜெண்ட் அவனை எங்கெங்கோ அலையவிட்டுக் கடைசியில் பாரிஸில் விட்டான். அங்கே அவனிடம் இருந்தது ஒரு காகிதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று அதில் முத்திரை வாங்க வேண்டும். அது இருக்கும்வரை அந்த நாட்டில் இருக்கலாம். எல்லைக்கு வெளியே ஒரு அடி வைத்தால் திரும்ப உள்ளே வர முடியாது. அப்பா இறந்தபோதும் அவனால் வர முடியவில்லை. பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். அன்றைக்குத் தம்பி போனில் அழுதான். அம்மா கேட்க வேண்டாம் என்று நான் ரிசீவரைக் கொடுக்கவில்லை. அம்மா அதை மறக்கவும் இல்லை, என்னை மன்னிக்கவும் இல்லை.

இந்த நிலையில்தான் எனக்கு ஜெர்மனியில் மூன்று வாரப் பயிற்சி வந்தது. மண் பரிசோதனை. நான் தஞ்சாவூரில் வேளாண்மை சொல்லித்தருகிறவள். மண்ணைப் பற்றி அங்கே புதிதாக என்ன சொல்லப்போகிறார்கள் என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. ஆனால் உலகப் படத்தை விரித்து, பயிற்சி நடக்கும் ஊரிலிருந்து பாரிஸுக்கு விரலால் அளந்து பார்த்தேன். நாலு விரல்கடை கூட இல்லை. உடனே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிராவல்ஸ்காரர்தான் பாஸைப் பற்றிச் சொன்னார். "ரெண்டு மாசம் செல்லும் மேடம். அதுக்குள்ள ஏதாவது அஞ்சு நாள். அன்னிக்கு முழுக்க எந்த ரயில்ல வேணா ஏறுங்க. வெளியிலேர்ந்து போறவங்களுக்கு மட்டும்தான் தருவாங்க. அங்கயே குடியிருக்கிறவங்க வாங்க முடியாது." பாஸில் ஐந்து சின்னக் கட்டங்கள் இருந்தன. பயணம் செய்கிற நாளன்று, ரயில் ஏறும் முன், அன்றைய தேதியைப் பேனாவால் ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். இவ்வளவுதான் விதி. குழந்தைக்குக்கூடப் புரியும். எங்கள் வீட்டில்தான் அது விபரீதமாகிப் போனது.

அம்மா தினசரி காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். "பாரிஸ் உனக்கு எந்தப் பக்கம்?" என்றாள். மேற்கே என்று சொன்னேன். அந்த நேரம் என் வாயைத் தைத்திருக்கலாம். எந்தக் கிழமை எந்தத் திசைக்குப் புறப்படக் கூடாது என்று காலண்டரில் தினமும் சூலம் போட்டிருப்பார்கள். வெள்ளி, ஞாயிறு மேற்கே ஆகாது. திங்கள், சனி கிழக்கே ஆகாது.

"வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளாஸ் முடிஞ்சிடும்மா. அப்பயே கிளம்பிடுவேன்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை வேணாம். சனிக்கிழமை போ, ஞாயித்துக்கிழமை திரும்பு. அவனுக்கும் கம்பெனியில சனி ஞாயிறு லீவுதானே? அமைப்பா இருக்கு."

தம்பி அப்படித்தான் சொல்லியிருந்தான். நல்ல கம்பெனி, வாரம் இரண்டு நாள் லீவு என்று.

"சரிம்மா, அங்க போய் எழுதிக்கிறேன்."

"இப்பயே எழுது. அங்க போனா நீ மாத்திடுவே. உன்னைப் பெத்தவ நான்."

நான் சூலம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அம்மா அடுத்துச் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு வாதாட மனசு வரவில்லை. "அவன் மெட்ராஸுக்குக் கிளம்பினது செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம். அன்னிக்கு ஒருத்தரும் காலண்டர் பாக்கல" என்றாள். ஒன்பது வருஷமாக அவள் அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பேனாவை எடுத்து இரண்டு சனி, இரண்டு ஞாயிறு, நாலு தேதிகளை நாலு கட்டத்தில் அழுத்தி எழுதினேன். ஊர் திரும்பும்போது விமான நிலையம் போவதற்கு என்று ஐந்தாவதை மட்டும் காலியாக விட்டோம்.

ஜெர்மனியில் ரயில் நிலையக் கவுண்டரில் இருந்தவர் பாஸில் முத்திரை குத்தும்போது கட்டங்களைப் பார்த்து நிமிர்ந்தார். "எல்லாம் எழுதிவிட்டீர்களே?" என்றார். ஆமாம் என்றேன். "நாள் மாறினால்?" என்றார். மாறாது என்றேன். அடித்துத் திருத்தினால் பாஸே செல்லாது, மோசடியாக எடுத்துக்கொள்வார்கள் என்று மரியாதையாகச் சொன்னார். எங்கள் அம்மாவைத் தெரியாத மனிதர்.

முதல் சனிக்கிழமை ஆறு மணி நேரப் பயணம். பாரிஸில் இறங்கியபோது பிளாட்பாரத்தில் தம்பி நின்றான். முன்நெற்றி ஏறியிருந்தது, உடம்பு கனத்திருந்தது. கிட்டே வந்ததும் வெங்காயமும் எண்ணெயும் மணத்தது. கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

"வாக்கா. சீக்கிரம் வா. இருவது நிமிஷம்தான் கேட்டுட்டு வந்தேன்."

கம்பெனி என்று எதுவும் இல்லை. உணவகத்தின் சமையல்கட்டில் வேலை. சனியும் ஞாயிறும்தான் அங்கே கூட்டம் அலைமோதும். திங்கட்கிழமை கடை அடைப்பு. அந்த ஒரு நாள்தான் அவனுக்கு லீவு.

"திங்கட்கிழமைக்கு மாத்திக்க முடியாதா?" என்றான். பாஸை எடுத்துக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். நடுத்தெருவில் நின்று சிரித்தான். "பிரான்ஸ் ரயிலுக்கு அங்கேர்ந்து சூலம் பாத்துச்சா அம்மா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். பிறகு சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அறை வாசலில் என்னை விட்டுவிட்டு வேலைக்கு ஓடினான்.

அறையில் அவனோடு இருந்தவர்கள் மூன்று யாழ்ப்பாணத்துப் பையன்கள். "இருங்கோ அக்கா, இது உங்கட வீடு" என்று சொல்லி, எனக்காக அறையைக் காலி செய்துவிட்டு நண்பர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் நான் கண் விழித்தபோது தம்பி தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எப்போது வந்தானோ தெரியாது. முழங்கை வரை சூடு பட்ட தழும்புகள், பழையதும் புதியதுமாக. எழுப்ப மனசு வரவில்லை. மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு அலாரம் அடித்தது. எழுந்தான், குளித்தான், "அடுத்த வாரம் பேசலாம்க்கா" என்று ஓடினான். பன்னிரண்டு மணி ரயிலில் நான் திரும்பினேன். ரயிலில் எனக்கு வந்த கோபம் அம்மா மேலா, அவன் மேலா, எழுதிக்கொடுத்த என் மேலா என்று தெரியவில்லை. பயணச்சீட்டுப் பரிசோதகர் பாஸைக் கேட்டபோது அவரிடம் கூடச் சிடுசிடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு முடிவு செய்தேன். எழுதியபடி சனிக்கிழமை போனேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறவில்லை. அந்தக் கட்டம் வீணாகட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று அந்த அறையில் நாலு பேருக்கும் சேர்த்துச் சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்து, தயிர்சாதம் பிசைந்து வைத்தேன். திங்கட்கிழமை காலையில் காலியாக இருந்த ஐந்தாவது கட்டத்தில் தேதி எழுதினேன். பயிற்சிக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லியாகிவிட்டது. ஆனால் செவ்வாய் காலை பரிசோதனைக்கூடத்தில் நான் இருந்தே ஆக வேண்டும். திங்கட்கிழமைகளில் பதினோரு மணி ரயிலை விட்டால் அன்றைக்குள் ஊர் போய்ச் சேர வேறு ரயில் இல்லை. அவனுக்கு முழு நாள் லீவு கிடைத்தும், எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம்தான்.

தம்பி என்னோடு பெட்டிக்குள் ஏறி, என் பையை மேலே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். மணி அடித்தது. "இறங்குடா" என்றேன். உட்கார்ந்தே இருந்தான். கதவு மூடிக்கொண்டது. "டேய், வண்டி எடுத்துட்டான்டா!" என்று நான் கத்தினேன்; பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தான். ஸ்ட்ராஸ்பூர் வரைக்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசி ஊர். நாலு மணி நேரம்.

"லீவு நாள்ல வீட்ல உக்காந்து என்னக்கா பண்ணப்போறேன்" என்றான். பிறகு, "இந்தப் பக்கமா நான் வந்ததேயில்ல" என்றான். எழுந்து, "நீ இங்க வா, நான் அங்க உக்காந்துக்கறேன்" என்று இடம் மாற்றிக்கொண்டான். வண்டி போகிற திசையைப் பார்த்து உட்கார வேண்டுமாம். கிழக்கே.

அந்த நாலு மணி நேரம் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய சொத்து. உருப்படியாக எதுவும் பேசவில்லை. வடவாற்றில் இப்போது குளிக்க முடிகிறதா என்று கேட்டான். வயலை யாருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம், சின்ன மடை உடைந்ததே, கட்டினார்களா என்று கேட்டான். வெளியே கோதுமை வயல்கள் மேடு பள்ளமாக ஓடின. "தண்ணி பாய்ச்சவே மாட்டானுங்க போல. எப்படிக்கா வெளையுது?" என்றான். மழைதான் என்றேன். "குடுத்து வச்சவனுங்க" என்றான். தயிர்சாதத்தை டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டு, விரலை வழித்துச் சாப்பிட்டான்.

பாஸை எடுத்துப் புரட்டி, அதிலிருந்த நாடுகளின் பெயரை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தான். "இத்தனைக்கும் நீ போலாமா? மூணு வாரத்துக்கு வந்தவ?" என்றான். அதில் பொறாமை இல்லை, நிஜமான ஆச்சரியம்தான். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஒன்பது வருஷமாக அந்த மண்ணில் வியர்வை சிந்தியவனுக்கு எல்லையில் இருக்கிற ஒரு பாலம் தாண்ட அனுமதி இல்லை. நேற்று வந்த எனக்கு ஐந்து நாடு. இதைவிட அசட்டுத்தனமான ஒரு காகிதத்தை நான் பார்த்ததில்லை.

அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கொடுத்தனுப்பியிருந்தாள். ஸ்ட்ராஸ்பூர் நெருங்கும்போது கேட்டேன். "எப்படா வருவே?"

அவன் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தான். "பேப்பர் வந்ததும். அடுத்த வருஷம்னு வக்கீல் சொல்றான். போன வருஷமும் அதையேதான் சொன்னான்." பிறகு, "இப்பயே ஊருக்குப் போயிடலாம்க்கா. போனா இங்க திரும்பி வர முடியாது. அங்க வந்து என்ன பண்ணுவேன், சொல்லு" என்றான். நல்ல பதில் ஒன்று இருந்திருக்கலாம். எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

வண்டி அங்கே பத்து நிமிஷம் நின்றது. அவன் இறங்கி ஜன்னலுக்கு நேராக வந்து நின்றான். கண்ணாடியைத் திறக்க முடியாது. வாயை அசைத்து ஏதோ சொன்னான், எனக்குப் புரியவில்லை. புரிந்தது போலத் தலையாட்டினேன். வண்டி நகர்ந்ததும் அவனும் நகர்ந்தான், பிளாட்பாரம் முடிகிற வரை. அவனுக்குப் பேப்பர் கிடைக்க இன்னும் ஐந்து வருஷம் ஆனது. அவன் வந்து இறங்கியபோது அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பாலம் வந்தது. கீழே ஆறு. பெரிய ஆறுதான், நுரையும் படகுமாகக் கரை முட்ட ஓடியது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஆறு ஒரு தடையே இல்லை. தஞ்சாவூரில் பஸ் ஏறித் திருவையாறு போவதற்குள் ஐந்து ஆறு தாண்டுவோம். பாதிப் பேர் தூங்கிக்கொண்டே தாண்டுவார்கள். இந்த ஆற்றையும் ரயில் ஒரு நிமிஷத்தில் தாண்டிவிட்டது. நான் வாய்விட்டு அழுதேன். எதிரில் இருந்த அம்மாள் ஒரு கைக்குட்டை கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் போன் கார்டு வாங்கி வீட்டுக்குப் பேசினேன். அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். பார்த்தேன் என்றேன். நன்றாக இருக்கிறான் என்றேன். கம்பெனி நல்ல கம்பெனி என்றேன்.

"எப்ப வர்றானாம்?"

"என்கூடவே ரயில்ல வந்தாம்மா. நாலு மணி நேரம்" என்றேன். அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. என்னிடம் அதுதான் இருந்தது.

"உன்கூடவா? எது வரைக்கும் வந்தான்?"

"ஆத்தங்கரை வரைக்கும் வந்தாம்மா. அதுக்கு இந்தப் பக்கம் வேற நாடு."

அம்மாவுக்குப் பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அவ்வளவு தூரம் வந்த புள்ளைய நீயே திருப்பி அனுப்பிட்டியா?"