நாற்பதில் வைத்த பொட்டு

அன்று சனிக்கிழமை. உளுந்தை கிரைண்டரில் போட்டுவிட்டு நின்றிருந்தபோது தொலைபேசி அடித்தது. திரையில், நான் அண்ணனாக நினைக்கும் ரவூப் நானாவின் பெயர். ஒரு மாதமாக அவருக்கு நான் அழைப்பு எடுக்கவில்லை. திட்டத்தான் போகிறார் என்று நினைத்து, "நானா, கோவிச்சுக்காதீங்க, பரீட்சைத் தாள் திருத்துற வேலை" என்று நானே முந்திக்கொண்டேன். மறுபக்கத்தில் பேசியது அவருடைய மகள் நஸ்ரின். "டீச்சர், வாப்பா மௌத்தாயிட்டாங்க. சுபஹு தொழுதுட்டு வந்து சாஞ்சவங்க எழும்பல்ல. பகல் லுஹருக்குப் பொறகு அடக்கம்." கிரைண்டர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கண்டி குட்செட் பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், இரண்டு கதிரை போட்டால் நிறைந்துவிடும் கடையில் இருந்தவர் அவர். வாகனங்களின் வேக மீட்டர் திருத்துவதுதான் தொழில். அவரைத் தெரிந்த உங்களில் பலருக்கு அவர் 'மீட்டர் நானா'. எந்நேரமும் காதிடுக்கில் ஒரு வெண்கட்டி செருகியிருக்கும். முப்பது வருடமாகக் கரும்பலகை முன்னால் வெண்கட்டி பிடிக்கும் எனக்கே அப்படியொரு பழக்கம் வந்ததில்லை. அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். என்னுடைய கதையில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன், சொல்லாமல் விட்டால் அவருக்கு நன்றி சொன்னதாக ஆகாது.

நான் கலஹாவில் குடியிருந்து, தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். கடைசி மூன்று கிலோமீட்டர் பாதை என்று சொல்லக் கூடாது, கல்லும் பள்ளமும்தான். அதற்காக எங்கள் பழைய ஜீப்புக்கு என் வீட்டுக்காரர் ஸ்பிரிங்கை உயர்த்தி, பெரிய டயர் போட்டார். வண்டி ஒட்டகம் மாதிரி எழும்பி நின்றது. ஏறுவதற்குத் தனியாகப் படி வைக்க வேண்டியிருந்தது. பாறையில் வயிறு தட்டுவது நின்றதில் எனக்குப் பரம சந்தோஷம். மீட்டரைப் பற்றி அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று எல்லோரும் வண்டிக்கு முன்னால் பொட்டு வைப்பார்கள். நான் உள்ளேயும் ஒன்று வைப்பேன், மீட்டர் கண்ணாடியில், சரியாக நாற்பதுக்கு மேல். அந்த மலைப்பாதையில் முள் அந்தக் குங்குமத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். ஒருநாளும் தாண்டியதில்லை. அதில் எனக்கு இருந்த திமிரைச் சொல்லி முடியாது.

என்னோடு தினமும் முன் சீட்டில் வந்தவள் வசந்தா, எங்கள் பாடசாலையின் கணக்கு டீச்சர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். டயர் மாற்றிய நாளிலிருந்து அவள் முன்னால் இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடிதான் வருவாள். "டீச்சர், நீங்க நாப்பதுல போகல, கூடப் போறீங்க. கிலோமீட்டர் கல்லுக்குக் கல்லு நேரம் பாத்தேன், கணக்கு ஒதைக்குது" என்று இரண்டு தடவை சொன்னாள். "ஒன் கணக்கக் கரும்பலகையோட வச்சுக்க" என்றேன். ஒரு மழை நாள் காலையில் ஒரு வளைவில் ஜீப் வழுக்கிக்கொண்டு போய்க் பாதையோரத் தண்ணீர்க் காணின் விளிம்பில் நின்றது. வசந்தா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி ஒன்பது வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை. வெளிறிப்போன முகத்தோடு, "வேகத்தக் கொறைங்கன்னு எத்தன தடவ டீச்சர் சொல்றது" என்றாள். நான் பொட்டைக் காட்டினேன். "முள்ளு தாண்டுச்சா? கண்ணால பாத்தியா? மீட்டர் பொய் சொல்லுதா, நான் பொய் சொல்றேனா?" அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிறுத்தவில்லை. "உலகத்துல நீ ஒருத்திதான் புள்ள சொமக்குறியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கதவைத் திறந்து, அந்த உயரத்திலிருந்து மெதுவாக இறங்கி, மழையில் நடக்கத் தொடங்கினாள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் வந்து, தெல்தோட்டையில் இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தாள். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஆசிரியர் அறையில் எதிரெதிர்க் கதிரையில் உட்கார்ந்தும் பேச்சில்லை. வயிற்றோடு அவள் மேடு ஏறி வருவதை ஜன்னலால் பார்ப்பேன். ஆனாலும் பொட்டு என் பக்கம்தானே என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ரவூப் நானாவிடம் நான் போனது மீட்டரைத் திருத்த அல்ல. மீட்டர் சரி என்று ஒரு கடிதம் எழுதி வாங்க! அதைக் கொண்டுபோய் வசந்தாவின் மேசையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "எழுதித் தாரேன் டீச்சர், அதுக்கென்ன. எழுதுறதுக்கு முன்னுக்கு ஒருக்கா பாத்துக்குவோமே" என்றார். காதிலிருந்த வெண்கட்டியை எடுத்து டயரில் ஒரு கோடு, அதற்கு நேரே தரையில் ஒரு கோடு போட்டார். வண்டியை மெல்ல உருட்டச் சொல்லி, டயர் பத்துச் சுற்றுச் சுற்றியதும் நாடாவால் அளந்தார். ஏதோ ஒரு கொப்பியைப் புரட்டிப் பழைய டயரின் அளவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நான் கத்துவேன் என்று தெரிந்ததோ என்னவோ, "ஞாயித்துக்கெழம காலம்பற வாங்களே, ஓடிப் பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை பேராதனையிலிருந்து கம்பளை போகும் பாதையில் ஓடினோம். முள்ளைப் பொட்டில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். கையில் கடிகாரம். "நாப்பதுல போனா ஒரு கல்லுலேந்து மத்தக் கல்லுக்கு ஒன்றர நிமிஷம் பிடிக்கணும். தொண்ணூறு செக்கன்." முதல் கிலோமீட்டர் கல் கடந்தது, அடுத்த கல்லும் வந்தது. எழுபத்தாறு. உங்கள் கடிகாரம் பழசு என்றேன். சிரித்துவிட்டு என் கைபேசியை வாங்கி, அதில் பிடித்தார். மறுபடியும் எழுபத்தாறு. நான் வண்டியை ஓரங்கட்டினேன். நாற்பது நாற்பது என்று மார்தட்டிக்கொண்டு, அந்த வளைவுகளில் நாற்பத்தேழில் போயிருக்கிறேன். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை வைத்துக்கொண்டு.

"மீட்டர் பொய் சொல்லிருச்சே நானா" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "மீட்டர்ல ஒரு குத்தமும் இல்ல டீச்சர். அது சில்லு எத்தன சுத்து சுத்துதுன்டுதான் எண்ணும். ரோட்டப் பாக்க அதுக்குக் கண்ணா ஈக்கி? சின்னப் புள்ள நூறு எட்டு வெக்கிறதும் நீங்க நூறு எட்டு வெக்கிறதும் ஒரே தூரமா? நீங்க சில்ல பெருசாக்கினீங்க, மீட்டர்ட்ட சொல்லல்ல." சில கடைகளில் முள்ளைப் பிடுங்கிக் கொஞ்சம் மேலே நட்டுவிடுகிறார்களாமே என்றேன். அன்றுதான் அவர் கோபப்பட்டுப் பார்த்தேன். "அப்பிடி நட்டா நிக்கிற வண்டியும் ஓடுதுன்டு காட்டும்! அது திருத்துறதா?" மீட்டருக்குப் போகும் கேபிளின் அடியில், கியர் பெட்டியோடு, ஒரு சின்னப் பல்சில்லு இருக்கிறது. அதில் இருபது பல். பதினேழு பல் உள்ளதை மாட்டினால் கேபிள் அந்தளவு கூடச் சுற்றும், கணக்கு நேராகும். ஆனால் அதைத் தேடிப் பிடிக்க இரண்டு மூன்று கிழமை வேண்டும் என்றார்.

"அது வரைக்கும் என்னா செய்ய?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "பொட்ட முப்பத்தி நாலுல வைங்க. முள்ளு அதுல நின்டா நீங்க நாப்பதுல போறீங்க." சரி, நீங்களே மாற்றி வையுங்கள் என்று கைப்பையிலிருந்த குங்குமச் சிமிழை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது நீங்க ஒங்கட சாமிக்கு முன்னால வெச்ச பேச்சு டீச்சர். என்ட கை அதுல வேணாம். நீங்களே வைங்க." நான் வைத்து முடிக்கும் வரை வண்டியை விட்டு இறங்கி, மகாவலி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் சொந்தக்காரர்கள் கூட அந்தப் பொட்டை அவ்வளவு மதித்ததில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை தொலைபேசி எடுத்தார். பல்சில்லைப் பற்றிப் பேசுவதுபோலத் தொடங்கி, "அந்தக் கணக்கு டீச்சர்ட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்பார். இல்லை நானா, இன்று நாளை என்று மழுப்புவேன். தப்பு என்று தெரிந்தும் வாய் வரவில்லை. திட்டுவதற்கு மட்டும்தான் இந்த வாய். ஒருநாள் பத்தரை மணிக்குப் பாடசாலை வாசலில் ஆள் நிற்கிறார்! கண்டியிலிருந்து பஸ் ஏறி, தெல்தோட்டையில் இறங்கி, மிச்சத்தை நடந்து, சட்டைப்பையில் கைலேஞ்சித் துணியில் சுற்றிய பல்சில்லோடு. இடைவேளை முடிவதற்குள் ஜீப்புக்கு அடியில் படுத்து மாட்டிவிட்டார். எழும்பி முதுகைத் தட்டிக்கொண்டு, "ஓடிப் பாக்கணும். நேரம் பிடிக்கக் கணக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்" என்றார். தானே பிடிக்கலாமே என்றேன். "என்ட கடிகாரம் பழசுன்டு நீங்கதானே சொன்னீங்க." மனுஷன் வந்ததே அதற்குத்தான்.

ஆசிரியர் அறைக்குப் போனேன். வசந்தா கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். "வசந்தா, ஒன் கணக்கு சரி" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். "நாப்பத்தேழுல போயிருக்கேன். அதுகூடப் பரவால்ல. அன்னைக்கு ஒன்னப் பாத்து நான் கேட்டது மனுஷி கேக்குற கேள்வியே இல்ல. என்னைய மன்னிச்சிடு." அதற்கு மேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, "நாப்பத்தாறு இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படி உசரம் டீச்சர், கையக் குடுங்க" என்றாள்.

தெல்தோட்டைக்குக் கிட்ட இருக்கும் ஒரே நேரான துண்டில் முப்பதில் பிடித்தேன். கல்லுக்குக் கல் நூற்றிருபது செக்கன் வர வேண்டும். பின் சீட்டிலிருந்து நானா முள்ளை எட்டிப் பார்த்தபடி இருந்தார். வசந்தா ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கடிகாரத்தோடு சத்தமாக எண்ணினாள். "நூத்திப் பதினெட்டு, நூத்திப் பத்தொன்பது, நூத்திருவது, கல்லு!" மூன்று பேரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் ரோட்டோரம் நின்ற நாய் எழும்பி ஓடியது.

நான் பொட்டைப் பழையபடி நாற்பதுக்கு மாற்றி வைத்தேன். இறங்கும்போது நானா, கழற்றிய பழைய பல்சில்லை என் கையில் வைத்தார். "இதுல இருவது பல்லு ஈக்கி. ஆரோடயும் கோவம் வந்தா ஒவ்வொன்டா எண்ணுங்க. எண்ணி முடிச்சுப் பொறகு வாயத் தொறங்க." அன்றிலிருந்து அது என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. வீட்டில், பாடசாலையில், வலயக் கல்விப் பணிமனையில், எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறேன். பதினாலில் எண்ணிக்கை தவறிக் கத்திய நாட்களும் உண்டு, பொய் சொல்லக் கூடாது.

வசந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பிறந்த தகவலைச் சொன்னபோது நானா கேட்ட முதல் கேள்வி, "ஆஸ்பத்திரிக்கு ஆர் கொண்டுபோன?" நான்தான் என்றேன். வலியில் வசந்தா, "டீச்சர், கொஞ்சம் வேகமாப் போங்களேன்" என்று கெஞ்சியும் நான் பொட்டைத் தாண்டவில்லை என்று சொன்னபோது, அவர் சிரித்த சிரிப்பு தொலைபேசியில் இருமலாக மாறி நிற்க நேரமெடுத்தது.

அந்தச் சனிக்கிழமை நானும் வசந்தாவும்தான் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனோம். லுஹர் தொழுகைக்குள் போய்ச் சேர வேண்டும் என்று மனம் பறந்தது. கால் அமுக்கச் சொன்னது, பொட்டு விடவில்லை. கண்டி நெரிசலும் சேர்ந்துகொண்டது. நாங்கள் போனபோது அவரைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடைசியாக முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. வாசலிலேயே நின்று அழுதேன். நஸ்ரின் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். "வேகமா வந்தீங்கன்டு கேள்விப்பட்டா வாப்பாவுக்குத்தான் வருத்தம் டீச்சர்" என்றாள். அந்தப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! நானா, உங்கள் பிள்ளை உங்களைப் போலவே இருக்கிறாள்.

திரும்பி வரும்போது பேராதனை தாண்டியதும் மழை தொடங்கியது. கலஹா ஏற்றத்தில் பேச்சுச் சத்தத்தைக் காணோமே என்று இடப்பக்கம் பார்த்தேன். முன்னால் இருக்கும் அந்தக் கைப்பிடி வெறுமனே இருந்தது. வசந்தா இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, கதவில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி நல்ல தூக்கம். அன்று அவள் இறங்கி நடந்ததும் இப்படியொரு மழையில்தான். முள் பொட்டுக்குக் கீழே நின்றது. நான் அவளை எழுப்பவில்லை. சாவிக்கொத்தில் அந்த இருபது பல் ஆடிக்கொண்டிருக்க, வீடு வரைக்கும் அப்படியே மெதுவாக ஓட்டி வந்தேன்.